கையுறையைக் கழற்றியவர்கள் எங்கே போனார்கள்? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

டொராண்டோவுக்கு வந்த புதிதில் இரவு ஷிஃப்ட் வேலை. சாப்பாட்டு அறை டிவியில்தான் முதன்முதலாக ஐஸ் ஹாக்கி பார்த்தேன். டொராண்டோ அணியின் டை டோமி சண்டைக்காகக் கையுறையை உதறினால் பாதிச் சாப்பாட்டோடு எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நானும்தான். அவரைப் போன்ற ‘என்ஃபோர்சர்’கள் இன்று ஏன் அருகிவிட்டார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கிப் போட்டியான என்.எச்.எல். லீக்கை வைத்தே பதில் சொல்கிறேன்.

கே: அண்ணா, நான் கோவை. கிரிக்கெட் மட்டும்தான் பார்ப்பேன். சண்டை போடுவதற்கென்றே ஒருவருக்குச் சம்பளமா?

ப: ஏறக்குறைய அப்படித்தான் தம்பி. நம் வழக்கில் அடியாள் என்று சொல்லலாம். நம் அணியின் நல்ல ஆட்டக்காரரை எதிரணிக்காரர் வேண்டுமென்றே இடித்தாலோ மட்டையால் கையில் போட்டாலோ, கொஞ்ச நேரத்தில் இவர் களத்தில் இறங்குவார். இடித்தவரையோ அந்த அணியின் அடியாளையோ சண்டைக்குக் கூப்பிடுவார். அந்தப் பயம் இருந்தால் அடுத்த முறை கை நீளாது என்பது கணக்கு. 1980களில் எட்மண்டன் ஆயிலர்ஸில் வேய்ன் கிரெட்ஸ்கிக்கு அப்படித் துணையாக இருந்தவர் டேவ் செமென்கோ, பிறகு மார்ட்டி மக்சோர்லி. 1988இல் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றியபோது, மக்சோர்லியும் கூட வரவேண்டும் என்று கிரெட்ஸ்கியே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கே: நடுவர்கள் பார்த்துக்கொண்டு சும்மாவா நிற்பார்கள் சார்?

ப: விதிப்படி சண்டை குற்றம்தான். தண்டனை 5 நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்காருவது. இருவரும் ஒன்றாக உள்ளே போனால் எந்த அணிக்கும் களத்தில் ஆள் குறையாது. லைன்ஸ்மேன்கள் பக்கத்திலேயே காத்திருந்து, ஒருவர் விழுந்ததும் புகுந்து பிரிப்பார்கள். இதற்கு மேல் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: விழுந்தவரை அடிக்கக் கூடாது, பின்னாலிருந்து அடிக்கக் கூடாது, ஆடிக் களைத்தவரை வம்புக்கு இழுக்கக் கூடாது.

சட்டையைக் கவனித்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் உள்ளே ஒரு பட்டை இருக்கும், அதைக் கால்சட்டையோடு மாட்ட வேண்டும். பஃபலோ அணியின் ராப் ரே, பிடிப்பதற்கு எதிராளிக்கு ஒன்றும் கிடைக்காதபடி சட்டையைக் கழற்றிவிட்டு அடிப்பார். அதனால் பட்டையை மாட்டாமல் சண்டை போட்டுச் சட்டை கழன்றால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றம் என்று விதி வந்தது. இன்னொரு காட்சி 2006இல் நடந்தது. என்ஃபோர்சர் ஜார்ஜ் லராக் மேல் மைக் மாட்டியிருந்தார்கள். எதிரே நின்ற ரைட்டிஸ் இவானன்ஸிடம் சண்டைக்குச் சம்மதம் கேட்டு, “குட் லக்” என்று வாழ்த்திவிட்டுத்தான் முதல் குத்து விட்டார். அவர்களுக்குள் பகை ஒன்றும் இல்லை, அது வேலை.

கே: சரி, அப்புறம் எப்படிக் குறைந்தது? லீக் தடை செய்துவிட்டதா?

ப: தடை இன்றுவரை இல்லை. 1992இல் சண்டையைத் தொடங்குகிறவருக்கான தண்டனையைக் கூட்டினார்கள். அதனால் கொஞ்சம் அடங்கியது. பெரிய அடி 2004-05இல். சம்பளத் தகராறில் ஒரு சீசன் முழுவதும் ஆட்டமே நடக்கவில்லை. திரும்பி வந்தபோது ஓர் அணி மொத்தச் சம்பளமாக 3.9 கோடி டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு. எதிராளியைப் பிடித்து இழுத்துத் தடுப்பதற்கும் கண்டிப்பு வந்தது. தூரப் பாஸ்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆட்டம் சட்டென்று வேகமாகிவிட்டது.

ஓர் ஆட்டத்துக்கு 20 பேர்தான் உடை மாற்றி இறங்கலாம். அதில் இருவர் கோல்கீப்பர்கள். மீதி 18 இடங்களில் ஒன்றை, நான்கைந்து நிமிடம் மட்டும் ஆடுகிற, திரும்பி ஸ்கேட் செய்வதற்குள் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) கோட்டைவிடுகிற ஒருவருக்கு எந்தப் பயிற்சியாளர் கொடுப்பார்? குறைந்த நேரமே ஆடும் கடைசிக் குழுவான நான்காவது லைனுக்கும் ஓடத் தெரிந்த இளைஞர்களை எடுத்தார்கள், அவர்களுக்குச் சம்பளமும் குறைவு. 2008-09 சீசனில் 700க்கு மேல் இருந்த சண்டைகள் பத்து வருடத்தில் 200 சொச்சத்துக்கு இறங்கின. 2012 ஜனவரியில் டொராண்டோ அணி தன் என்ஃபோர்சர் கோல்ட்டன் ஆரைக் கீழ் லீக்குக்கு அனுப்பியது. அதை அறிவித்தபோது மேலாளர் பிரையன் பர்க், இனி எலிகள்தான் இந்த ஆட்டத்தை ஆளப்போகின்றன என்று வருந்திப் பேசினார். அடிவாங்கும் பயமில்லாமல் சீண்டிவிட்டு ஓடுகிறவர்களை அப்படிச் சொன்னார்.

அந்த மனிதர்கள் மேல் இரக்கப்பட்டு லீக் இதைச் செய்ததாக நான் நம்பவில்லை. இரக்கப்பட வேண்டிய கதை அதற்குள் நடந்துகொண்டிருந்தது.

கே: 2011இல் மூன்று என்ஃபோர்சர்கள் இறந்ததாகப் படித்தேன். அதைச் சொல்கிறீர்களா?

ப: அதையேதான். மே 13 டெரெக் பூகார்ட், வயது 28. ஆகஸ்டில் ரிக் ரிப்பியன், 27. அதே மாதக் கடைசியில் வேட் பெலாக், 35. நான்கு மாதத்துக்குள் மூன்று பேர்.

பூகார்ட் ஆறடி ஏழு அங்குல உயரம். கனடியக் காவல்துறைக்காரர் ஒருவரின் மகன். மினசோட்டாவில் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 277 ஆட்டம், 3 கோல், அவ்வளவுதான். ஹெல்மெட்டில் குத்திக் குத்தி விரல் முட்டிகள் சிதையும். வலிக்கு மாத்திரை, பிறகு மாத்திரைக்காகவே மாத்திரை. 2010 டிசம்பரில் ஒட்டாவாவில் நடந்த சண்டையில் தலையில் பட்டது, அதுவே கடைசி ஆட்டமாகிவிட்டது. சாராயமும் ஆக்ஸிகோடோன் மாத்திரையும் சேர்ந்து உயிரைக் குடித்தன. குடும்பத்தார் மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். சி.டி.இ. என்ற நோய் அந்த வயதுக்கு எதிர்பார்க்க முடியாத அளவுக்கு முற்றியிருந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருவது இது, இறந்த பிறகு மூளையைப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். 2010இல் 45 வயதில் மாரடைப்பில் போன இன்னொரு என்ஃபோர்சர் பாப் ப்ரோபர்ட்டுக்கும் அதே நோய் இருந்தது.

2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இறந்துபோன என்ஃபோர்சர்கள், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற ஆட்டக்காரர்களைவிடச் சராசரியாகப் பத்து வயது முன்னதாக இறந்திருக்கிறார்கள். அன்று சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று கத்தினேனே, அந்தச் சத்தத்தில் என் பங்கும் இருந்தது. அதை நினைக்காமல் இப்போது பழைய சண்டைகளைப் பார்க்க முடிவதில்லை.

கே: அடியாள் இல்லாமல்தான் மோசமான இடிகள் கூடிவிட்டன என்கிறார் என் ஆபீஸ் நண்பர். உண்மையா?

ப: நண்பரிடம் ஸ்டீவ் மூர் கதையைச் சொல்லுங்கள். 2004 பிப்ரவரியில் வான்கூவர் கேப்டன் மார்க்கஸ் நாஸ்லண்டை, கொலராடோ அணியின் மூர் இடித்தார். மார்ச் 8ஆம் தேதி மறுபடி மோதியபோது, எழுதாத சட்டப்படி வான்கூவரின் மேட் குக்கோடு சண்டை போட்டுக் கணக்கையும் தீர்த்துவிட்டார். அதோடு விட்டார்களா? அதே ஆட்டத்தில் வான்கூவரின் டாட் பெர்டூஸி மூரைப் பின்னாலிருந்து குத்திக் கீழே தள்ளினார். மூருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, பிறகு அவர் ஆடவே இல்லை. சண்டைக்காரர்கள் நிறைந்திருந்த காலம் அது. இப்போது தலையில் இடித்தால் லீக் வீடியோ பார்த்து ஆட்டத் தடை போடுகிறது, சம்பளமும் போகிறது. அதில் எனக்கும் குறைகள் தெரியும், ஆனாலும் முஷ்டியைவிட அது மேல்.

கே: அப்படியானால் மேட் ரெம்பி யார்?

ப: நியூயார்க் ரேஞ்சர்ஸ் இளைஞர். 2024 பிப்ரவரியில் முதல் ஆட்டத்தில் இறங்கியதுமே சண்டை. ஆனால் இன்று அணிகள் தேடுவது டாம் வில்சன் போன்றவர்களை, கோலும் அடிப்பார், தேவைப்பட்டால் கையுறையையும் கழற்றுவார்.

கே: உங்களுக்குப் பிடித்த என்ஃபோர்சர்?

ப: ஜான் ஸ்காட். இயந்திரப் பொறியியல் படித்தவர். நட்சத்திரங்கள் ஆடும் 2016 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் விளையாட்டாக ஓட்டுப் போட்டு அவரைக் கேப்டனாக்கிவிட்டார்கள். விலகிக்கொள்ளச் சொல்லி அழுத்தம் கொடுத்தார்கள். இதைப் பார்த்து உன் பிள்ளைகள் பெருமைப்படுவார்களா என்று லீக்கைச் சேர்ந்த ஒருவர் கேட்டாராம். அணி மாற்றி, கீழ் லீக்குக்கும் அனுப்பினார்கள். அவர் மனைவி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். ஸ்காட் வந்தார், இரண்டு கோல் அடித்தார், சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். நட்சத்திரங்கள் அவரைத் தோளில் தூக்கியதைப் பார்த்து நான் அழுதேன்.

கே: அண்ணா, ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகனுக்குப் பதினொரு வயது, ஹாக்கியில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சேர்க்கலாமா?

ப: தாராளமாகச் சேருங்கள் தங்கச்சி. சிறுவர் ஹாக்கியில் சண்டை போட்டால் ஆட்டத்தை விட்டு வெளியேற்றம், தடையும் உண்டு. உடம்பால் இடிப்பதையும் 2013 முதல் அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கனடா முழுவதும் நிறுத்திவிட்டார்கள். ஒன்று மட்டும்: தலையில் பட்டு, ‘எனக்கு ஒன்றுமில்லை அம்மா’ என்று அவன் சொன்னாலும் அன்றைக்கு மறுபடி பனியில் இறக்காதீர்கள். பயிற்சியாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஸ்கேட்டைக் கழற்றி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.