சராசரிப் பணிக்காலம் சொல்லாதது

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சராசரிப் பணிக்காலம் ஆண்களுக்கு 10 ஆண்டு, பெண்களுக்கு 5. பெண்கள் சீக்கிரமே வேலையை விடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பதில்: அவசரப்படாதீர்கள். இப்போது பணியில் இருப்பவர்கள் இதுவரை கழித்த காலம்தான் அது. விலகியவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். 10 ஆண்டு பணியாற்றிய 100 பெண்களோடு புதிதாக 100 பேரைச் சேர்த்தால், ஒருவர்கூட விலகாமலே சராசரி 5 ஆகிவிடும்!

விலகலுக்குக் கணக்கே வேறு. ஓராண்டில் விலகிய பெண்களை 100ஆல் பெருக்கி, ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த பெண்களின் சராசரியால் வகுக்க வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கிய பி.ஆர்.எஸ்.ஆர். (நிறுவனப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையில், இது பாலினவாரியாக மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். 28 வயதுக்காரருக்கு 15 ஆண்டுப் பணிக்காலம் எங்கிருந்து வரும்?