சொல்லுக் கேக்கிறதும் காது குடுக்கிறதும்

கேள்வி: எங்கடை வாசிகசாலையிலை சனிக்கிழமை பின்னேரம் ஆறாம் ஏழாம் ஆண்டுப் பிள்ளையள் 14 பேரை இருத்தி ஏதாவது ஒரு விசயத்தைக் கதைக்க விடுறனான். ரெண்டு நிமிசத்திலை சந்தை மாதிரி ஆயிடும். ஒரு பெடியன்தான் எல்லாத்துக்கும் பதில் சொல்லுவான், மற்றவை ஆளையாள் நக்கலடிப்பினம், ஒரு பிள்ளை இண்டைவரைக்கும் வாய் திறக்கேல்லை. மரியாதையாக் கதைக்கவும் கேக்கவும் எப்பிடிப் பழக்கிறது?
ஒரு வாசகி, வடமராட்சி

பதில்: தங்கச்சி, முதல் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. எங்கடை வீடுகளிலை "கேக்கிறது" எண்டா என்ன? "உவன் சொல்லுக் கேக்கிறானில்லை" எண்டு தாய் சொன்னா பெடியனுக்குக் காதிலை வருத்தம் எண்டு ஆரும் நினைக்கிறேல்லை, சொன்னதைச் செய்யிறானில்லை எண்டுதான் விளங்கும். பிள்ளைக்குக் கேக்கிறது எண்டா பணியிறது, பெரியாக்கள் கதைக்கேக்கை வாயைப் பொத்துறது. அப்பிடி வளந்தவன் தன்ரை வயசுக்காரன் கதைக்கேக்கை ஏன் கேக்கப் போறான், அவனுக்குப் பணியத் தேவையில்லைத்தானே. உங்கடை பின்னேரம் சந்தையாகிறது இதாலைதான், பிள்ளையள் குழப்படி எண்டதாலை இல்லை.

மற்றது பட்டிமன்றம். எங்கடை பிள்ளையள் கண்ட கலந்துரையாடல் எண்டா கோயில் திருவிழாப் பட்டிமன்றமும் பள்ளிக்கூட விவாதப் போட்டியும்தான். எனக்கும் பட்டிமன்றம் எண்டா உயிர், கச்சான் கொறிச்சுக்கொண்டு சாமம் மட்டும் இருப்பன், ஆனா அதிலை மற்ற அணி கதைக்கேக்கை இவர் குறிப்பெடுக்கிறது திருப்பி அடிக்கத்தான். "நீங்கள் சொன்னது சரிதான், நான் மாத்திப்போட்டன்" எண்டு சொன்ன பேச்சாளரை நான் இன்னும் காணேல்லை, சொன்னா அணித்தலைவர் விடுவாரோ! உங்கடை பாயிலை அதைச் சொல்லலாம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, ஏலுமெண்டா நீங்களே ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ.

14 பேர் கூட, நாலைஞ்சு பேராப் பிரியுங்கோ. சிலபேர் ஒரு சிரட்டையைக் குடுத்து, அது ஆற்றை கையிலையோ அந்தாள்தான் கதைக்கலாம் எண்டு விடுவினம், நானும் செய்து பாத்தனான், சத்தம் குறையும், ஆனா மற்றவை எப்ப சிரட்டை வரும் எண்டுதான் பாத்துக்கொண்டிருப்பினம், கதை ஒண்டும் ஏறாது. அதைவிட நல்ல வழி ஒண்டு கார்ல் றொஜர்ஸ் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1950களின்ரை துவக்கத்திலை பெரியாக்கள் வாக்குவாதப்படேக்கை செய்து பாக்கச் சொன்னது. முதல் கதைச்சவர் சொன்னதை உன்ரை சொல்லிலை திருப்பிச் சொல்லு, அவர் "ஓம், அதைத்தான் சொன்னனான்" எண்டாப் பிறகு உன்ரை கதையைத் துவங்கு. அவ்வளவுதான் சட்டம்.

என்ரை விறாந்தையிலை ஒருநாள் றோட்டு நாயளுக்குச் சாப்பாடு வைக்கலாமோ எண்டு கதை போச்சு. உங்கடை பிள்ளை மாதிரியே வாய் திறக்காத ஒருத்தியைப் பாத்து நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டுப்போட்டு மனசுக்கை எண்ணத் துவங்கினன். ஆறு மட்டும் போச்சு, பாண்காரன்ரை ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையாலை போகுது, மற்றவை நெளியினம். "எங்கடை நாய் ராவிலை குரைச்சாத்தான் அம்மாக்கு நித்திரை வரும்" எண்டாள். அடுத்தது வாய்க்காரன்ரை முறை. "நாய் குரைக்கிறது நல்லமாம்" எண்டான். அவள் தலையை ஆட்டினாள், அது இல்லையாம். இன்னொருக்காச் சொல்லிப் பாத்தான், அதுவும் இல்லை. பிறகுதான் அவளின்ரை பக்கம் திரும்பி, "அப்ப ஏன் குரைச்சா நித்திரை வரும்?" எண்டு கேட்டான். அப்பா வெளிநாட்டிலையாம், சத்தத்தைக் காணேல்லை எண்டா நாய்க்கு என்னவோ நடந்திட்டுது எண்டு அம்மா எழும்பி லைற்றைப் போட்டுக்கொண்டு இருப்பாவாம். அண்டைக்கு அவன் தான் சொல்ல வந்ததை மறந்தே போனான்.

நான் எண்ணினதுக்குக் காரணம் இருக்கு. மேரி பட் றோ எண்ட அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ஞ்சு 1970களிலை எழுதினவ, ரீச்சர்மார் கேள்வி கேட்டுப்போட்டு ஒரு செக்கன் அளவிலைதான் பொறுக்கினம், அதை மூண்டு செக்கனுக்கு மேலை கொண்டுபோனா பதிலும் நீளுது, வழக்கமாக் கதைக்காத பிள்ளையளும் கதைக்குதுகள் எண்டு. மூண்டு செக்கன் பெரிசில்லை எண்டு நினைப்பியள், ஒருக்காச் செய்து பாருங்கோ, ஒரு மணித்தியாலம் மாதிரி இருக்கும். இன்னொண்டு, பிள்ளை சொல்லி முடிக்க முதலே "வெரி குட்" எண்டு விழாதேங்கோ, பிறகு எல்லாரும் ஆளையாள் விட்டிட்டு உங்கடை முகத்தைத்தான் பாப்பினம்.

எல்லாத்துக்கும் பதில் சொல்லுற பெடியனை அடக்காதேங்கோ, பாவம், அவனுக்கு உசார் கூட. ஒருநாள் கொப்பியைக் குடுத்து மற்றவை சொல்லுறதை எழுதி, கடைசியிலை வாசிக்கச் சொல்லுங்கோ. நக்கலுக்கு மட்டும் நான் இடம் குடுக்கிறேல்லை, கருத்தைப் பாத்துச் சிரிக்கலாம், சொன்ன ஆளின்ரை குரலையோ வீட்டையோ பாத்துச் சிரிச்சா அண்டைக்குக் கதை அதோடை நிக்கும். விசயமும் சரி பிழை எண்டு விடை இல்லாததா இருக்கவேணும், ஞாயித்துக்கிழமை ரியூசன் வேணுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ, வாசிகசாலைக் கூரை கழண்டுபோம்.

கொஞ்ச நாளிலை தாய்தேப்பன்மார் வருவினம், ஸ்கொலர்சிப் எடுத்த பிள்ளையை இருத்தி வைச்சுப் பலாய் கதைக்க விடுறியளோ எண்டு. வாக்குவாதப்படாதேங்கோ, தேத்தண்ணி குடுத்துப் பாயிலை இருத்துங்கோ. அவைக்கும் அதே சட்டம்தான், பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி, பிள்ளை ஓம் எண்டாப் பிறகுதான் வாய் திறக்கலாம். அப்பாமார்தான் கூடக் கஸ்டப்படுவினம்.