ஆரம் அடகில் இருப்பது அவருக்குத் தெரியாது

கேள்வி: அம்மா, என் கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தறிக்கு நூல் சுற்றித் தார் போடுகிறேன். போன வருஷம் எங்கம்மா ஆபரேஷனுக்காக என் 5 பவுன் ஆரத்தை அவருக்குத் தெரியாமல் அடகுக்கடையில் வைத்து 1,20,000 ரூபாய் வாங்கினேன். 2 ரூபாய் வட்டி. 11 மாதமாக வட்டி கட்டவில்லை. குழுக்கடன் இரண்டு ஓடுகிறது. ஒன்றில் 26,000, இன்னொன்றில் 41,000 பாக்கி. இதில் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாத்து 15,000. மொத்தம் 2 லட்சம். தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். ஆரம் எங்கே என்று மாமியார் கட்டாயம் கேட்பார். இன்னொரு குழுவில் கடன் வாங்கி ஆரத்தைத் திருப்பிவிடலாமா, இல்லை அவரிடம் சொல்லிவிடலாமா? சொல்வதென்றால் எப்படிச் சொல்வது?
– வாசகி, குமாரபாளையம்

பதில்: சொல்லிவிடுங்கள், அம்மா. கல்யாணத்துக்கு முன்பே, உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது குழுக்கடன் வேண்டவே வேண்டாம்.

முதலில் கணக்கைச் சரி செய்வோம். நீங்கள் 2 லட்சம் என்கிறீர்கள். எழுதியிருப்பதைக் கூட்டினாலே அசல் மட்டும் 2,02,000 வருகிறது. 2 ரூபாய் வட்டி என்றால் 1,20,000-க்கு மாதம் 2,400. 11 மாதத்துக்கு 26,400. ஆக உங்கள் கடன் 2,28,400 ரூபாய். வங்கியில் நகைக்கடன் மேசையில் இருந்த காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். அசலைச் சொல்வார்கள், ஏறியிருக்கும் வட்டியை விட்டுவிடுவார்கள். 2 லட்சம் என்று நீங்கள் சொல்லி, அவர் அடகுக்கடையில் போய் நிற்கும்போது 26,400 கூடுதலாக வந்தால், அவர் மனதில் வருவது பணக்கவலை இல்லை, “இன்னும் என்னென்ன மறைச்சிருக்கா?” என்ற கேள்வி. பாதியை இன்று சொல்லி மீதியைப் பொங்கலுக்குச் சொல்லலாம் என்று தள்ளாதீர்கள். ஒரே நாளில் முழுத்தொகையும் அவர் காதுக்குப் போகட்டும்.

அதனால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், எதற்காக வாங்கியது. அடகுச் சீட்டையும் குழுக்கடன் அட்டைகளையும் அதோடு வையுங்கள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற காலையில் வேண்டாம். கூலி வாங்கி வரும் மாலையிலும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு அவர் மனதில் ஏற்கெனவே நாலு கணக்கு இருக்கும். தறி ஓடாத நாளில், மாமியாரும் பிள்ளைகளும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்: “மாமா, ஒண்ணு சொல்லோணும். முழுசாக் கேட்டுட்டுப் பேசுங்க. அம்மா ஆபரேஷனுக்கு என்ற ஆரத்தை அடகு வெச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாத குழுக்கடன் ஒண்ணும் இருக்குது. எல்லாம் சேர்ந்து ரெண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து நானூறு. இந்தத் தாள்ல எழுதியிருக்கேன்.” அவ்வளவு போதும். தாயின் உயிருக்காக வாங்கிய கடன் இது. அதற்காக நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை.

கோபப்படுவார். இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். இருக்கட்டும். ஆனால் கை ஓங்கும் வழக்கம் உள்ளவர் என்றால் தனியாக இருக்கும்போது சொல்லாதீர்கள். அவர் மதிக்கும் ஒரு பெரியவர் உடனிருக்கட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் மனதில் வையுங்கள்.

கோபம் தணிந்ததும் அவரிடமும் ஒன்றைக் கேளுங்கள். தறிப்பட்டறையில் முன்பணப் பாக்கி எவ்வளவு? உங்கள் பக்கத்துத் தறிக்காரர்களில் முன்பணம் வாங்காதவரைப் பார்ப்பது அரிது. அது வாராவாரம் கூலியில் பிடிபடும், வீட்டில் பேச்சுக்கே வராது. அவர் பாக்கியும் அதே தாளில் ஏறினால்தான் குடும்பத்தின் கடன் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

இனி ஆரம். அடகுக்கடை வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், அதாவது 28,800 ரூபாய். அவருக்குத் தெரிந்துவிட்டால், ஒருநாள் கைமாற்றாக அவர் தம்பியிடமோ முதலாளியிடமோ பணம் புரட்டி ஆரத்தைத் திருப்பலாம். அதே நாளில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம். 5 பவுனுக்கு இன்றைய விலையில், அசலும் 11 மாத வட்டியும் சேர்த்துத் தேவையான 1,46,400 தாராளமாகக் கிடைக்கும். வட்டி 10 சதவீதம் என்றே வையுங்கள், ஆண்டுக்கு 14,640. ஏறக்குறைய பாதி. அவருக்குத் தெரியாமல் இந்த வேலையை உங்களால் செய்யவே முடியாது. வங்கி வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். கல்யாணத்துக்கு ஆரம் போடாமல் போங்கள். மாமியார் கேட்டால், “பேங்க்ல இருக்குதுங்க அத்தை” என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். அதை முதலில் அவர் மகன் சொன்னால் இன்னும் நல்லது.

குழுக்கடன் பற்றியும் ஒரு விஷயம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பம் மாதம் கட்டும் கடன் தவணை எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். ஆக, அவர் உழைப்பையும் கணக்கில் வைத்துத்தான் உங்களுக்குக் கடன் தருகிறார்கள். அது அவருக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை, அம்மா. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் அவர்கள் அழைக்கக்கூடாது. கையில் பணம் சேர்ந்து கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

கேள்வி: நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்றவன். மகன்களிடம் சொல்ல வேண்டுமா? நான் வாங்கிய கடன் இல்லையே?
– வாசகர், தென்காசி

பதில்: சொல்ல வேண்டும், ஐயா. 1872 ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் கட்டாவிட்டால் நேராக உங்களிடம் வரலாம். உங்கள் காலத்துக்குப் பின் மகன்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து இதைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் விட்டுச்செல்லும் சொத்திலிருந்து கேட்க முடியும். வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பையிலேயே ஜாமீன் பத்திரத்தின் நகலையும் வைத்து, இரண்டு மகன்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுங்கள். நண்பர் இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறார் என்று வங்கியில் ஒரு கணக்கு விவரமும் இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.