பிளாண்ட் ஏல்: குறை ஒளிய இடமில்லாத பீர்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிளாண்ட் ஏல் என்ற பொன்னிற, லேசான பீர் பற்றியவை. மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். வீட்டில் பீர் காய்ச்ச உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

முதல் தடவை காய்ச்சப் போகிறேன். 20 லிட்டருக்கு எளிய அளவு சொல்லுங்களேன்?

வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 4 கிலோ, நுரை நிற்பதற்காகக் கோதுமை மால்ட் கால் கிலோ. 65, 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். வடித்த சாறு கொதிக்கத் தொடங்கியதும் வில்லமெட் போன்ற, 5 சதவீத ஆல்ஃபா அமிலம் (கசப்பு தருவது இதுதான்) உள்ள ஹாப்ஸ் பூ 30 கிராம். ஒரு மணி நேரக் கொதியின் கடைசி 10 நிமிடத்தில் இன்னும் 15 கிராம். கசப்பு 20 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) அளவில் நிற்கும். ஈஸ்ட், யுஎஸ்-05 ஒரு பாக்கெட் போதும்; சாறு ஆறிய பிறகு போட்டு, 18, 19 டிகிரியில் நொதிக்க விடுங்கள். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.045, முடிவில் 1.010 பக்கம் காட்டினால் ஆல்கஹால் நாலரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

தேன், ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை எல்லாம் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை வேண்டாம். உங்கள் கைப்பக்குவம் எப்படி என்று தெரிய வெறும் பீர்தான் வேண்டும்.

யாரிடம் கொடுத்தாலும் 'சூப்பர்' என்கிறார்கள். எனக்கோ ஏதோ இடிக்கிறது. உண்மையான கருத்தை எப்படி வாங்குவது?

ஓசியில் பீர் குடிப்பவர் குறை சொல்லமாட்டார். பீர் காய்ச்சத் தெரிந்த இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். ஆனால் அவர்களிடமும் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "மூக்கில் முதலில் என்ன தட்டுகிறது? விழுங்கிய பிறகு நாக்கில் எது மிச்சம் நிற்கிறது?" என்று கேளுங்கள்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. சத்தமாகப் பேசும் ஒருவர் "வெண்ணெய் வாசனை" என்று ஆரம்பித்தால் போதும், அடுத்த நிமிடம் எல்லோருக்கும் வெண்ணெய் மணக்கும். செய்முறையையும் சுவைத்த பிறகே காட்டுங்கள்.

பீர் போட்டி நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாள் இதற்கு நல்ல துணை. மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் படும் உணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. கூட்டுத்தொகையைப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம். பக்கத்தில் எழுதிய இரண்டு வரிதான் உங்களுக்குப் பயன்படும். அதிலும் 'என்ன தெரிந்தது' என்பதை நம்புங்கள். 'இதனால்தான்' என்று காரணம் சொன்னால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாக்கு பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். காரணம் சொல்வதில்தான் நம்மவர்கள் அவசரக்காரர்கள்.

ஒருவர் வேகவைத்த மக்காச்சோளம் என்கிறார், இன்னொருவர் வெண்ணெய், மூன்றாமவர் பச்சை ஆப்பிள். யார் சொல்வது சரி?

மூவருமே சரியாக இருக்கலாம். கறுப்பு பீரில் வறுத்த மால்ட் இதையெல்லாம் ஓரளவு மூடிவிடும், பிளாண்ட் ஏலில் அந்தச் சலுகை கிடையாது.

மக்காச்சோள வாசனைக்குக் காரணம் டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு) என்ற கந்தகச் சேர்மம். அதன் மூலப்பொருள் லேசாக உலர்த்திய வெளிர் மால்ட்டில்தான் அதிகம் தங்கும். பானையைத் திறந்து வைத்து நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். மூடி போட்டுக் கொதிக்கவைத்தீர்களா? மூடியில் படிந்த நீர் திரும்ப உள்ளேதான் சொட்டியிருக்கும். கொதித்த பிறகு சீக்கிரம் ஆற்றுவதும் முக்கியம்.

வெண்ணெய் வாசனை, டயாசெட்டில். நொதிக்கும்போது உருவாவதை ஈஸ்டே பிறகு தின்று தீர்த்துவிடும்; அதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்தால் தங்கிவிடும். நொதித்தல் முடியும் தறுவாயில் இரண்டு டிகிரி ஏற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு சோதனை: இரண்டு கிளாஸில் மாதிரி எடுத்து, ஒன்றை மூடி, 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். ஆறவைத்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடுபட்டதில் மட்டும் வெண்ணெய் வந்தால், டயாசெட்டிலாக மாறக்கூடிய மூலப்பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது, பொறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

பச்சை ஆப்பிள், அசிட்டால்டிஹைடு. பெரும்பாலும் இளம் பீர் என்பதுதான் காரணம். ஈஸ்டோடு இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகாதீர்கள். இருவர் தனித்தனியாக எழுதி ஒத்துப்போன குறை எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

மால்ட் சாற்றை வாங்கிச் செய்தேன். பொன்னிறம் வரவில்லை, செம்பு நிறத்தில் நிற்கிறது.

பழைய திரவச் சாறு டப்பாவிலேயே கறுத்துப்போகும். புதிதாக வாங்குங்கள், இல்லை தூள் வாங்குங்கள். பாதியை மட்டும் முதலில் போட்டு, மீதியைக் கொதியின் கடைசி 10 நிமிடத்தில் அடுப்பை அணைத்துக் கலக்குங்கள். அடுப்பு எரியும்போது ஊற்றினால் அடியில் பிடித்துக் கருகும்.

கலங்கலாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

கலங்கல் மட்டும் என்றால் இல்லை. குளிரில் ஒரு வாரம் நிமிர்த்தி வையுங்கள். தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுவை சரிதான், ஆனால் தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கிறது.

முதலில் வாயுவைக் கவனியுங்கள். லேசான பீரில் சுறுசுறுப்பு குறைந்தாலே சப்பென்று தோன்றும். பாட்டிலில் அடைக்கும்போது 20 லிட்டருக்குச் சர்க்கரை 120 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணில் நின்ற பிறகே அடையுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். வாயு சரியாக இருந்தும் சப்பென்றிருந்தால், அடுத்த முறை மால்ட்டை 67 டிகிரியில் ஊறவைத்துப் பாருங்கள்.

வெளியூர் நண்பருக்குக் கருத்துக் கேட்டு அனுப்பலாமா?

தாராளமாக, உங்கள் ஊரிலும் அவர் ஊரிலும் சட்டம் அனுமதித்தால். பழுப்பு பாட்டிலில் அனுப்புங்கள். பச்சை, வெள்ளை பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறத் தொடங்கும். இரண்டு பாட்டில் அனுப்பி, ஒன்றைக் கிடைத்தவுடனும் மற்றதை ஒரு மாதம் கழித்தும் திறக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் நனைந்த அட்டை வாசனை வந்தால் பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகுந்திருக்கிறது.