என்.ஐ.ஏ. சம்மன் வந்திருக்கிறது: ‘பெயரை எடுத்துத் தருகிறேன்’ என்பவரை நம்பலாமா?

கேள்வி: கோவை உக்கடம் பக்கம் குடியிருக்கிறோம். என் மகனுக்கு 21 வயது, செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். யாரோ சேர்த்துவிட்ட டெலிகிராம் குரூப் ஒன்றில் இருந்திருக்கிறான். இப்போது விசாரணைக்கு வரச் சொல்லி என்.ஐ.ஏ.விடமிருந்து (தேசிய புலனாய்வு முகமை) சம்மன் வந்திருக்கிறது. கைது செய்துவிடுவார்களா? போகாமல் இருந்தால் என்ன ஆகும்? தெரிந்தவர் ஒருவர், உள்ளே ஆள் இருக்கிறது, 3 லட்சம் கொடுத்தால் பெயரை எடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மகனை அனுப்பிவையுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் அந்தத் தாளை எடுத்து, எந்தப் பிரிவின் கீழ் அனுப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. அதன் 179ஆம் பிரிவு என்று இருந்தால், உங்கள் மகனை விவரம் தெரிந்த ஆளாக, அதாவது சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்று இருந்தால் சந்தேகம் அவன் மேலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். இதை விளக்கித் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பினால் எத்தனையோ வீடுகளில் அன்றிரவு அடுப்பு எரியும். எத்தனை முறை சொன்னாலும் பிரிவு எண்ணை மட்டும் போட்ட தாளைத்தான் நீட்டுகிறார்கள்.

போகாமல் இருப்பது மட்டும் வேண்டாம். அதுவே தனிக் குற்றம். தவிர, ஒளிகிறான் என்றால் சாட்சியும் சந்தேக நபராகிவிடுவான். குறித்த தேதியில் காய்ச்சலோ பரீட்சையோ இருந்தால், எழுத்தில் வேறு தேதி கேளுங்கள்.

இப்போது அந்தத் ‘தெரிந்தவர்’ விஷயம். நம் கோவையில் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தின நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. இப்படி ஒவ்வொன்றுக்குப் பிறகும் விசாரணை பரவும், சம்மன்கள் வீடு வீடாகப் போகும். பின்னாலேயே இந்த ஆட்களும் வருவார்கள். இவர்கள் பிழைப்பு ஓடுவது எப்படி தெரியுமா? சாட்சியாகக் கூப்பிடப்படுபவர்களில் பெரும்பாலானவர்கள் அன்று மாலையே வீடு திரும்பிவிடுவார்கள். பையன் திரும்பி வந்தால், “பார்த்தீர்களா, பேசி முடித்துவிட்டேன்” என்பார். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பையன் திரும்பாவிட்டால் இவர் போனை எடுக்கவே மாட்டார்.

ஒருவேளை உள்ளே உண்மையிலேயே ஆள் இருந்தால் இன்னும் மோசம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. வழக்கு யு.ஏ.பி.ஏ. வழக்கு, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது என்பதையும் மறக்காதீர்கள். அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டிலிருந்து 3 லட்சம் ரொக்கம் கைமாறினால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று அதையே ஒரு விசாரணையாக்குவார்கள். நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் என்று நீங்கள்தான் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வீடியோ காலில் வருகிறவன் இன்னொரு ரகம். சீருடை, பின்னால் ஒரு சின்னம். உங்கள் சிம் பயங்கரவாதிகளிடம் சிக்கியிருக்கிறது, ‘டிஜிட்டல் கைது’ செய்திருக்கிறோம், காமிராவை விட்டு நகரக்கூடாது என்பான். நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. போனை வைத்துவிட்டு 1930க்கு அழையுங்கள். அப்புறம், வழக்கை நாங்கள் நடத்துகிறோம் என்று வக்காலத்து நாமாவோடு (வழக்கறிஞரை நியமிக்கும் தாள்) வீட்டுக்கே வரும் அமைப்புக்காரர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பையன் படத்தைப் போஸ்டரில் போட்டு வசூல் நடத்திவிட்டு, ஜாமீன் மனு வரும் நாளில் காணாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞரை நீங்களே நேரில் பார்த்து வையுங்கள். வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்து என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரியிடம் உங்கள் மகன் சொல்வதை அவர் எழுதிக்கொள்வார். அதில் அவன் கையெழுத்துப் போடத் தேவையில்லை. போடக்கூடாது என்றே பி.என்.எஸ்.எஸ். 181ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு, இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். மாஜிஸ்திரேட் முன்னால், 183ஆம் பிரிவின்படி கொடுக்கும் வாக்குமூலம் வேறு. அங்கே கையெழுத்து உண்டு, சாட்சிக்குச் சத்தியப் பிரமாணமும் உண்டு. அந்தத் தாள் வழக்கு முடியும்வரை கூடவே வரும். “கோர்ட்டில் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டால் சாட்சியாகவே வைத்துக்கொள்கிறோம்” என்று அதிகாரி சொன்னால், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பணிவாகச் சொல்லட்டும். போலீஸிடம் சொன்னது, கையெழுத்து இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது, கையெழுத்து உண்டு. போனைப் பறிமுதல் செய்தால் எழுதும் மகஜர் மூன்றாவது வகை. அதில் கையெழுத்துப் போடலாம், ஆனால் படித்துப் பார்த்து, போனின் ஐ.எம்.இ.ஐ. எண் சரியா என்று பார்த்து, நகல் வாங்கிய பிறகு. போன் திரும்பி வரத்தான் ஆண்டுக்கணக்காகிறது. செல்போன் சர்வீஸில் பிழைப்பவனின் போனை அப்படி வைத்திருப்பது அவன் சோற்றில் கை வைப்பது. இதைக் கேட்க ஆள் இல்லை.

அந்த டெலிகிராம் குரூப்பை அழிக்கச் சொல்லாதீர்கள். பதற்றத்தில் அப்பாக்கள் முதலில் செய்வது அதைத்தான். அழித்தால் ஆதாரத்தை அழித்த குற்றம் சேரும், அழித்ததைத் தடயவியலில் பெரும்பாலும் மீட்டுவிடவும் செய்வார்கள். குரூப்பில் இருந்ததே குற்றமா என்றால், யு.ஏ.பி.ஏ.வின் 38, 39ஆம் பிரிவுகளுக்குப் பயங்கரவாத அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கம் இருக்க வேண்டும். 2021-ல் கோழிக்கோடு மாணவர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினர் என்றால் கதை வேறு.

ஆகவே இன்றிரவே மகனோடு உட்காருங்கள், அடிக்காமல் கேளுங்கள். யார் சேர்த்தது, தனியாக மெசேஜ் வந்ததா, பணம் கேட்டார்களா. இப்படிக் குரூப்பில் ஆள் சேர்ப்பவர்கள் வலை விரிக்கும் விதம் தெரிந்ததுதான். முதலில் மார்க்க உபதேசம், பிறகு எங்கோ சாகும் குழந்தைகளின் படம், பிறகு “உங்கள் ஊர் இமாம்கள் விலைபோனவர்கள், அத்தா அம்மாவிடம் சொல்லாதே.” ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொன்றதற்குச் சமம் என்கிற குர்ஆனின் பெயரைச் சொல்லித்தான் இதைச் செய்கிறார்கள். வெடிப்பவன் போய்விடுகிறான். வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைவது உங்களைப் போன்றவர்கள். மகனுக்கு அப்படி யாரைப் பற்றியாவது தெரிந்தால், விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். சாட்சி உண்மை சொல்லக் கடமைப்பட்டவன். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கைது ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கைது செய்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். யு.ஏ.பி.ஏ.வுக்கும் இது பொருந்தும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். இந்தச் சட்டத்தில் குற்றப்பத்திரிகைக்கே 180 நாள்வரை இழுக்கலாம், ஜாமீன் மிகக் கடினம். அதனால்தான் சம்மன் கட்டத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள் என்கிறேன்.

உங்கள் மனைவியையும் வரச் சொல்லி வாய்மொழியாக அழைத்தால், பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும் என்று அதே 179ஐக் காட்டுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள், அல்லது சம்மனின் நகலோடு கோவை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளைக் காலையே போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம். வாசலில் யாராவது “ஃபார்ம் நான் நிரப்பித் தருகிறேன்” என்று கை நீட்டினால், கொடுக்காமல் உள்ளே போய்விடுங்கள்.