சாம்பல் இருக்கட்டும், தளத்துக்கு அடியில் என்ன மண்?

கேள்வி: ஐயா, மன்னாரில் முருங்கனுக்குப் பக்கத்தில், கட்டுக்கரைக் குளத்தின் கீழ் 6 ஏக்கர் வயல் செய்கிறேன். வீதியில் நெல் காயவிட்டு அலுத்துப்போய், போன வருடம் வயலை ஒட்டி 20க்கு 20 அடியில் கொங்கிறீற்றுத் தளம் ஒன்று போட்டேன். மாரி முடிவதற்குள் மூலைக்கு மூலை வெடித்துவிட்டது. வெடிப்பின் ஒரு பக்கம் விரல் மொத்தத்துக்குத் தூக்கி நிற்கிறது. மேற்பரப்பில் ஆமை ஓடு மாதிரிச் சின்ன வெடிப்புகளும் உண்டு. இப்போது 40க்கு 30 அடியில் புதிதாகப் போட எண்ணம். சீமெந்தில் பாதிக்கு உமிச் சாம்பலும், கம்பி வலைக்குப் பதிலாகத் தென்னந்தும்பும் போடலாம் என்கிறார்கள். ஆலையில் சாம்பல் சும்மா கிடக்கிறது. ரவுணில் ஒரு கடையில் இதற்கென்றே அரைத்த சாம்பல் பையில் விற்கிறார்கள். எத்தனை பை வாங்க?

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம். கடைக்காரரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: இது எந்த அடுப்பில் எரிந்த சாம்பல், என்ன சூட்டில் எரிந்தது? பதில் வராது. எனக்கும் வரவில்லை.

உமிச் சாம்பல் கெட்ட பொருள் இல்லை. ஒழுங்காக எரிந்தால் அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். சீமெந்து இறுகும்போது சுண்ணாம்பை வெளியே விடும். அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துச் சிலிக்கா இன்னொரு தடவை பசையாகிறது. அதனால்தான் சீமெந்தில் நூற்றுக்குப் பத்து, மிஞ்சினால் பதினைந்து பங்கைச் சாம்பலாக மாற்றலாம் என்கிறோம். பாதி மாற்றினால், பிடிக்கச் சுண்ணாம்பு கிடைக்காத சாம்பல் வெறும் தூசாக உள்ளே கிடக்கும். சூடு ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேல் போனால் சிலிக்கா பளிங்காகி வேலைக்கு உதவாமல் போய்விடும். அப்படிப் பளிங்கான தூசு நெஞ்சுக்கும் ஆகாது. குறைவாக எரிந்தால் கரி மிஞ்சும், அது தண்ணீரைக் குடிக்கும். ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடப்பதில் இரண்டும் கலந்திருக்கும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மாட்டுக்கொட்டிலுக்குக் கறுத்த சாம்பலை அரைக்காமல், நிறுக்காமல், வாளியால் அளந்து கொட்டிக் கலந்தேன். ஆறு மாதத்தில் மாடு குளம்பை மாற்றி வைக்கும் இடமெல்லாம் சாம்பல் நிறத் தூளாகக் கிளம்பியது. தினமும் கூட்டி அள்ளினேன், கொட்டிலின் தரையை.

கணக்கையும் பாருங்கள். 40க்கு 30 அடி, 4 அங்குலத் தடிப்பு என்றால் 4 கியூப், அதாவது 400 கன அடி கொங்கிறீற்று. சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, கல் நாலு என்ற கலவையில் 50 கிலோப் பை 70 வரை போகும். பத்திலொரு பங்கு மாற்றினால் மிச்சம் 7 பை. அதற்கு 350 கிலோ சாம்பல் வேண்டும். நெல்லின் எடையில் ஐந்திலொன்று உமி, உமியில் ஐந்திலொன்று சாம்பல். ஆக, ஏறத்தாழ 9 தொன் நெல்லின் உமியை எரித்து, முகப்பூச்சு மா மாதிரி அரைத்தால்தான் அந்த 7 பை மிஞ்சும். எந்த ஆலைக்காரர் மிளகாய்த்தூள் அரைக்கும் கல்லில் உங்கள் சாம்பலைப் போட விடுவார்?

நீங்கள் வாங்கும் சீமெந்துப் பையையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். இலங்கைத் தரக் குறி எஸ்.எல்.எஸ். 107 என்றிருந்தால் சாதாரண போட்லண்ட் சீமெந்து. எஸ்.எல்.எஸ். 1247 என்றிருந்தால் தொழிற்சாலையிலேயே வேறு பொருள் கலந்தது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்துச் சாம்பலும் சீமெந்துக்குப் போகிறது. கலந்ததில் மேலும் கலக்க வேண்டாம். 107 சீமெந்தாக இருந்து, சாம்பல் வெளிர் சாம்பல் நிறமாகவும் இருந்து, இன்னும் ஆசை விடவில்லை என்றால் ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பும் இரண்டு பங்கு அரைத்த சாம்பலும் குழைத்து வடை தட்டுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு வாரம் வைத்துப் பிறகு தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் சாம்பலை நாற்றுமேடைக்குக் கொண்டுபோங்கள்.

தும்பு அதைவிட உதவும், ஆனால் கம்பி வலையின் வேலையைச் செய்யாது. ஊறிய மட்டையின் பழுப்புத் தும்பை எடுத்துக் கழுவி, ஒன்றரை அங்குலமாக வெட்டி, பைக்கு அரைக் கிலோ ஈரத்தோடு உதறிப் போடுங்கள். கழுவாவிட்டால் அதன் சாறு சீமெந்தை இறுக விடாது. முதல் நாள் வெடிப்புகளை அது பிடிக்கும். பிறகு சீமெந்தின் காரம் வருடக் கணக்கில் தும்பையே தின்றுவிடும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. ஒரு பக்கம் தூக்கி நிற்கும் வெடிப்புக்குச் சீமெந்தின் மேல் பழி போடாதீர்கள். அது முருங்கன் கறுப்புக் களிமண்ணின் வேலை. சிறுபோகம் இல்லாத வருடத்தில் ஆவணியில் உங்கள் வயல் வெடிப்புக்குள் முழங்கை போகும். மாரிக்கு அதே மண் ஊதி எழும்பும். அதன் மேல் நேரே தளம் போட்டால் கம்பி போட்டாலும் தூக்கும். களியை ஒன்றரை அடி தோண்டி எடுங்கள். கிரவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டு, நனைத்து இடியுங்கள். சுற்றிலும் மழைநீர் ஓட வாய்க்கால் விடுங்கள். தளத்தைப் பத்துக்குப் பத்து அடியாக 12 கட்டமாக வெட்டிவிடுங்கள். கட்டத்துக்கு இடையில் ஓரங்குல ஆழம் போதும்.

ஆமை ஓட்டு வெடிப்பு வேறு. அது அவசரமாகக் காய்ந்த வெடிப்பு. நண்பகலில் போட்டிருப்பீர்கள், மேசன் குழாயை நேரே கலவைக்குள் விட்டிருப்பார், மினுக்கத்துக்குக் காய்ந்த சீமெந்தும் தூவியிருப்பார். 50 கிலோப் பைக்கு 25 லீற்றர் தண்ணீர், மணலின் ஈரமும் அதற்குள் அடக்கம். இழுக்கக் கஷ்டம் என்று மேசன் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். நெல் விஷயத்தில் இதே ஞானம் உங்களுக்கு உண்டு. வெயில் ஏறினால் நெல்லைக் கூட்டி மூடுகிறீர்கள், அரிசி வெடிக்கும் என்று. கொங்கிறீற்றை மட்டும் சோளகக் காற்றில் அம்மணமாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

கமத்துக் கழிவைக் கொங்கிறீற்றுக்குப் பயன்படுத்த ஆசையென்றால் வைக்கோலை எடுங்கள். உள்ளே போட அல்ல, மேலே போட. மாலையில் தளம் போடுங்கள். இரவுக்கு ஈரச் சாக்கு. மறுநாள் காலை, நகம் இறங்காத அளவுக்கு இறுகியதும், நாலங்குலத்துக்கு வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். காலை, மாலை, 14 நாள். கையை உள்ளே விட்டால் எப்போதும் குளிர்ச்சி தட்ட வேண்டும். சாம்பல் கலந்த தளத்துக்கு இது கட்டாயம். அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். 7 பை மிச்சம் பிடிப்பதைவிட, போட்ட 70 பையும் முழுதாக வேலை செய்ய விடுவது லாபம்.

ஆனால் உங்களிடம் வைக்கோல் இருக்குமா? அறுவடை இயந்திரம் போன மறுநாளே நெருப்பு வைத்துவிடுகிறோமே! பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும் பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. அதை எரித்து, சாம்பலைக் காற்றோடும் மழையோடும் போகவிட்டு, அடுத்த போகத்துக்கு எம்.ஓ.பி. என்ற பொட்டாசிய உரம் வாங்க வரிசையில் நிற்கிறோம். இந்தச் சிறுபோகத்தில் ஒரு மூலையிலாவது குவித்து வையுங்கள். 14 நாள் நனைந்த வைக்கோல் மக்கத் தொடங்கியிருக்கும். அப்படியே வயலுக்கு இழுத்துவிடலாம்.

தளத்தில் உழவு இயந்திரம் ஏற 28 நாள் பொறுங்கள். பழைய தளத்தை உடைத்து எடுக்கும் துண்டுகளை வீசாதீர்கள். புதிய குழியின் அடியில், கிரவலுக்குக் கீழே போட்டு இடியுங்கள்.