பரணில் கிடைத்த சாவி கொடுக்கும் கிராமபோனை ஓட வைக்கலாமா? வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

தாத்தா காலத்துக் கிராமபோனும் அதோடு கொஞ்சம் பழைய ரிக்கார்டுகளும் பரணில் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக ஓட வைக்கலாம். ஆனால் ஆசையில் இன்றைக்கே சாவி கொடுத்துப் பாட்டுப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு பெட்டி புது முள் வாங்குங்கள், தட்டில் உரசிப் பாட்டை எழுப்புகிற எஃகு முள். அது வந்து சேர்வதற்குள் மற்ற வேலைகளை முடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது எச்எம்வி 101. 1925இல் வந்த மாடல். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். கொம்பு வெளியே தெரியாது, பெட்டிக்குள்ளேயே மடங்கி இருக்கும். நாங்கள் காரைக்குடிப் பக்கம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் கிராமபோன் அதிசயமில்லை. ஏவிஎம் மெய்யப்பச் செட்டியாரே சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர்தான். எங்கள் ஐயா வாங்கிய பெட்டி, அவர் போன பிறகு இருபது வருஷம் பரணில் கிடந்தது. நான் இறக்கி ஓட வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. வாரம் ஒரு தடவையாவது பாடுகிறது.

முதல் நாள் நான் பெட்டியைத் திறந்ததும் அப்பத்தா சொன்னது ஒன்றுதான்: "முள்ளை மாத்தாமப் போட்டுராதப்பா. ஐயா இருந்தா வைவாக." பராமரிப்பில் முக்கால்வாசி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய தட்டு, அதாவது 78 தட்டு, அரக்கால் ஆனது. பார்சலுக்குச் சீல் வைக்கிறோமே, அதே அரக்கு. பூச்சி சுரப்பது. வெறும் அரக்கு மட்டும் இல்லை, அதில் கல் பொடியும் கலந்திருக்கும். வேண்டுமென்றேதான் கலந்தார்கள். முள் தட்டில் இறங்கியதும் முதல் சில சுற்றிலேயே அந்தப் பொடி முள்ளின் நுனியை அரைத்து, தட்டில் பாட்டுப் பதிந்திருக்கும் பள்ளக் கோட்டின் அளவுக்குச் சீவிவிடும். அதற்குப் பிறகு முள் கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்து ஓடும். மூன்று நிமிஷப் பாட்டுக்குத் தட்டு 234 தடவை சுற்றுகிறது. அதற்குள் முள் நடக்கிற தூரம் நூறு மீட்டருக்கும் மேல். கல் பொடி கலந்த பாதையில், நூறு கிராமுக்கு மேல் பாரத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறது.

பாட்டு முடிந்ததும் அந்த முள்ளைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். கூராக இருந்த நுனியில் பக்கத்துக்கு ஒன்றாகப் பட்டை தீட்டின மாதிரி இரண்டு முகம் மின்னும். விளிம்பு உளி போல இருக்கும். அந்த உளியோடு அடுத்த தட்டைப் போட்டால் கோட்டின் சுவரைத்தான் சீவும். சீவியதெல்லாம் பாட்டு. கறுப்புத் தட்டில் சாம்பல் நிறமாக வெளுத்த வட்டம் தெரிந்தால், யாரோ ஒரே முள்ளை வைத்துப் பல தடவை ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு முள். தட்டைத் திருப்பிப் போட்டால் வேறு முள். இது கஞ்சத்தனம் பார்க்கிற இடமே இல்லை. எஃகு முள் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், இணையத்தில் நூறு நூறாகக் கிடைக்கும். உங்கள் பெட்டியோடு பழைய தகர டப்பாவில் முட்கள் இருந்தால் அவற்றை நம்பாதீர்கள். போட்ட முள்ளும் போடாத முள்ளும் கலந்தே கிடக்கும். இன்னொன்று, இந்தப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் கிடையாது. அந்த வேலையையும் முள்தான் செய்கிறது. தடித்த முள் சத்தமாகப் பாடும், மெல்லியது அடக்கமாகப் பாடும். வீட்டுக்கு மெல்லியதே போதும், தட்டுக்கும் நல்லது.

அப்புறம் மோட்டார். பெட்டியின் மேல்பலகையைத் திருகாணி கழற்றித் தூக்கினால் கீழே தொங்கும். அதற்கு முன் சாவி முழுதும் இறங்கிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக்கை எடுத்துவிட்டு, தட்டு தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். உள்ளே மூன்று சின்னக் குண்டுகளோடு வேகமாகச் சுழலும் ஒரு அச்சு இருக்கும். அதுதான் கவர்னர். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும், தகடு ஒரு தோல் துண்டில் உரசி வேகத்தை அடக்கும். ஸ்பிரிங்கில் இறுக்கம் மீதி இருக்கும்போது இந்தக் கவர்னரைக் கழற்றினால் பிடிக்க ஆளில்லாமல் மொத்த மோட்டாரும் பிய்த்துக்கொண்டு சுற்றும். சக்கரப் பல் உடையும், விரலும் போகும்.

கவர்னர் அச்சின் இரண்டு முனைக்கும், அந்தத் தோல் துண்டுக்கும், நடு அச்சுக்கும் ஆளுக்கொரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். பல் சக்கரங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. எங்கள் பெரியப்பா ஒருவர் எப்போதோ பாசத்தோடு ஊற்றியது மஞ்சள் பிசினாக இறுகி, அதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. துருவைக் கிளப்ப அடிக்கிற ஸ்ப்ரேயும் வேண்டாம். அது இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டுக் காய்ந்துபோகும்.

பாட்டு ஓடும்போது பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு குதிப்பு கேட்டால், ஸ்பிரிங் டப்பாவுக்குள் கிரீஸ் காய்ந்திருக்கிறது, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன என்று அர்த்தம். இதை நீங்களே திறக்காதீர்கள். பல அடி நீள எஃகுப் பட்டை அந்தச் சின்ன டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கிறது. வெளியே தாவினால் கையைக் கிழித்துவிடும். பழைய சுவர்க் கடிகாரம் பார்க்கிற கைகாரர் யாராவது ஊரில் இருப்பார், அவரிடம் கொடுங்கள். கழுவி, கிராஃபைட் கிரீஸ் போட்டு அடைக்கச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும்போது கைக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பாட்டுக் கேட்டு முடித்ததும் மிச்சச் சாவியை ஓட விட்டு மூடுங்கள், ஸ்பிரிங் இறுக்கத்திலேயே கிடக்க வேண்டாம்.

வேகம் சரியா என்று பார்க்க, தட்டுக்கடியில் ஒரு துண்டுக் காகிதம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள். 20 விநாடிக்கு 26 சுற்று வர வேண்டும். 77 கோடுகள் போட்ட வட்டக் காகிதத்தைத் தட்டின் மேல் வைத்துப் பழைய குண்டு பல்ப் வெளிச்சத்தில் பார்ப்பது இன்னும் துல்லியம். நம் ஊர்க் கரண்டில் வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். எல்இடி பல்பில் இது பெரும்பாலும் சரிப்படாது.

முள்ளைப் பிடித்திருக்கும் வட்டமான சவுண்ட் பாக்ஸ்தான் பெட்டியின் தொண்டை. என்னுடையதில் உள்ளே மைக்காத் தகடு. அதன் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையம் எழுபது எண்பது வருஷத்தில் கல்லாகிவிடும், உச்ச ஸ்தாயியில் குரல் கரகரக்கும். மைக்கா என்றால் இதற்கு நம் சைக்கிள் வால்வ் டியூபே போதும். அளவு பார்த்து வெட்டி, இரண்டு நுனியும் இடைவெளி விடாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் முட்டி நிற்கும்படி வைக்க வேண்டும். மூன்றாவது முயற்சியில்தான் எனக்குச் சரியாக வந்தது. அன்று மாலை நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரல் கரகரப்பில்லாமல் எழுந்தபோது அப்பத்தா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றதை என்னால் மறக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: பல சவுண்ட் பாக்ஸ்களின் பின்பக்கம் துத்தநாகக் கலவை. வயதாக ஆக வீங்கி விரிசல் விடும். திருகாணி வரவில்லை என்றால் பலம் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

தட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது என் வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஐயாவிடம் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தட்டு ஒன்று இருந்தது. பூஞ்சை படர்ந்திருந்ததால் மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்குதான் வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கில்லை, தட்டு. ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே கதவுக்குப் பாலிஷ் போடுகிறார்! அது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. விரலகலத்துக்கு அந்த இடம் இன்றும் மொழுமொழுவென்று இருக்கிறது, அங்கே நாகஸ்வரம் இல்லை. ஆகவே ஸ்பிரிட், சானிடைசர், பிற்காலத்து வினைல் தட்டான எல்பிக்கு விற்கிற திரவம் எதுவும் அரக்குத் தட்டுக்கு ஆகாது. வெதுவெதுப்பும் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, உடனே அலசி நிழலில் உலர்த்துங்கள். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது.

கழுவிய தட்டுகளைப் புதுக் காகித உறையில் போட்டுச் செங்குத்தாக அடுக்குங்கள். பழைய உறைகளில் காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி இருக்கும். சித்திரை வெயில் படுகிற ஜன்னலோரத்தில் வைத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விடும்.

எந்தத் தட்டைப் போடலாம் என்பதிலும் கவனம் வேண்டும். எல்பி தட்டை ஒருபோதும் போடாதீர்கள். இரண்டு கிராம் பாரத்துக்குச் செய்த வினைலில் இந்த முள் உழவே செய்யும். 78இல் ஓடுகிற தட்டானாலும் வளைந்து கொடுத்தால் அது வினைல்தான். நகத்தால் தட்டினால் அரக்கு 'டங்' என்று கணீரென்று சொல்லும். 1950களின் தட்டுகளையும் நான் 101இல் போடுவதில்லை. அவற்றில் பதிவு பலமானது, என் மைக்கா சவுண்ட் பாக்ஸ் அவற்றைச் சீக்கிரம் தேய்த்துவிடும். வேறெங்கும் கிடைக்காத தட்டு உங்களிடம் இருந்தால், 78க்கு உரிய ஊசி போட்ட மின்சாரப் பிளேயரில் ஒரு தடவை ஓட்டிக் கணினியில் பதிவு செய்துவிட்டு உறையில் போட்டுவிடுங்கள். கிராமபோனில் கேட்பதற்கு இரண்டு மூன்று பிரதி இருக்கிற சாதாரணத் தட்டுகளே போதும்.

உங்கள் பெட்டியில் பளபளவென்று பெரிய பித்தளைக் கொம்பும் எட்டுமூலைப் பெட்டியும் இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். கண்காட்சிகளில் விற்க, பழைய போர்ட்டபிள் மோட்டாரையும் புதுக் கொம்பையும் சேர்த்துச் செய்தவை ஏராளம். தாத்தாவே வாங்கியது என்றால் அந்தக் கவலை இல்லை. மேல்பலகையில் என்ன எழுதியிருக்கிறது, சவுண்ட் பாக்ஸ் முகத்தில் என்ன எண் இருக்கிறது, உள்ளே மைக்காவா அலுமினியமா என்று பார்த்து எழுதுங்கள். அலுமினியம் என்றால் வால்வ் டியூப் கதை ஆகாது, அதற்கு வேறு வழி சொல்கிறேன்.